அளந்து திறந்த பார், அளக்காமல் திறந்த ஆலை

முத்துக்குளிப்பைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் குளிப்பிலிருந்தே தொடங்குகிறார்கள்: மூச்சடக்கம், கல், கயிறு, தோணி, கரையில் நடக்கும் ஏலம். அதற்கு முந்தைய வேலை அவர்கள் கண்ணில் படுவதில்லை. தூத்துக்குடிக் கடலில் சலாபம், அதாவது முத்துக்குளிப்பு, திறக்கலாமா என்று முடிவெடுக்கும் முன் பார்களை, அதாவது சிப்பி படியும் கடலடித் திட்டுகளை, சோதித்தார்கள். குளியாட்களை இறக்கி, பாரின் பல இடங்களிலிருந்தும் சிப்பி எடுத்தார்கள். எடுத்த சிப்பியை அழுகவிட்டு, கழுவி, முத்தைப் பிரித்துச் சலித்து, வணிகர்களைக் கொண்டு விலை மதித்தார்கள். ஆயிரம் சிப்பிக்கு இத்தனை ரூபாய் என்ற கணக்கு தேறினால்தான் சலாபம். தேறவில்லையென்றால் அந்த ஆண்டு பார் மூடியே கிடக்கும். 1830 முதல் 1860 வரை ஏறக்குறைய ஒரு தலைமுறைக் காலம் இக்கரையில் சலாபம் திறக்கப்படவில்லை. ஆனால் அந்த முப்பது ஆண்டுகளிலும் பார்களைப் போய்ப் பார்ப்பது நிற்கவில்லை.

இந்த முறையைப் போற்றிப் பாட நான் வரவில்லை. அதன் நோக்கம் வருவாய். எடுத்த சிப்பியில் மூன்றில் இரு பங்கு அரசுக்கு, ஒரு பங்கு குளித்தவருக்கு என்பது ஆங்கிலேயர் காலத்து வழக்கம். சோதித்ததும் அரசுதான், லாபம் கண்டதும் அரசுதான். சோதனை அளந்தது அறுவடையை. பாரின் நலத்தை அது அளக்கவில்லை. எட்கர் தர்ஸ்டனும், பின்னர் மதராஸ் மாகாண மீன்வளத் துறையின் ஜேம்ஸ் ஹார்னெலும் இந்தப் பார்களைப் பற்றி விரிவாக எழுதியும், சிப்பி ஏன் சில ஆண்டுகளில் பெருகுகிறது, ஏன் சொல்லாமல் மறைகிறது என்பதற்கு உறுதியான விடை கிடைக்கவில்லை. 1955இல் தொடங்கி ஆண்டுதோறும் நடந்த சலாபங்கள் 1961உடன் நின்றன. அதன்பின் இக்கரையில் பெருஞ்சலாபம் இல்லை. 1973இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் வேப்பலோடையில் வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டியது அறிவியல் சாதனை. ஆனால் அது இயற்கைப் பாரை மீட்டுத் தரவில்லை.

இத்தனை குறையிருந்தும் அந்தப் பழைய சோதனையில் ஓர் ஒழுங்கு உண்டு. அளவு முதலில் வந்தது, தொழில் பிறகு வந்தது. அளவின் முடிவு அளந்தவரின் வருவாய்க்கே எதிராகப் போனாலும் அது ஏற்கப்பட்டது. மூடுவது தண்டனையாகவோ பேரிடராகவோ கருதப்படவில்லை. சோதனையின் இரண்டு இயல்பான முடிவுகளில் ஒன்றாக இருந்தது. சூழல் பொறுப்பு என்ற சொல்லை இன்று நிறுவனங்கள் ஆண்டறிக்கைகளில் அச்சிடுகின்றன, அரசுகள் விளம்பரங்களில் எழுதுகின்றன. அந்தச் சொல்லை இந்தக் கரையின் சொந்த அளவுகோலால் எடைபோட்டால் என்ன தேறும் என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

எடைபோட வேண்டிய முதற்பொருள் ஸ்டெர்லைட் தாமிர உருக்காலை. அதன் வரலாறு வாசகர்களுக்குத் தெரியும். தீர்ப்புக்கு வேண்டிய அளவே சொல்கிறேன். மகாராஷ்டிரத்தின் ரத்னகிரியில் மக்கள் எதிர்ப்பால் 1993இல் நின்றுபோன திட்டம் தமிழ்நாட்டுக்கு வந்தது. 1994 ஆகஸ்டில் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தடையில்லாச் சான்று கொடுத்தது. 1995 ஜனவரியில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் அனுமதி தந்தது. 1997இல் ஆலை உற்பத்தியைத் தொடங்கியது.

வாரியத்தின் சான்றிலேயே ஒரு நிபந்தனை இருந்தது: மன்னார் வளைகுடாவின் சூழல் நுண்மைப் பகுதியிலிருந்து 25 கிலோமீட்டருக்கு அப்பால்தான் ஆலை அமைய வேண்டும். அமைந்த இடமோ சிப்காட் வளாகம், மீளவிட்டான். ஆலையைச் சுற்றி 250 மீட்டர் அகலத்துக்குப் பசுமை வளையம் வேண்டும் என்பது இன்னொரு நிபந்தனை. நிறுவனம் கேட்டுக்கொண்டதும் அதை 25 மீட்டராகக் குறைத்தது அதே வாரியம். நிபந்தனை என்பது அளவுகோல். அளக்கப்பட வேண்டியவர் கேட்டதும் அளவுகோலைப் பத்தில் ஒன்றாக வெட்டிக்கொடுப்பது சலுகை என்ற சொல்லுக்குள் அடங்காது. அந்த நாளிலேயே அளவீடு என்ற வேலை கைவிடப்பட்டுவிட்டது. பிற்காலத்து வழக்குகள் எல்லாம் இந்தத் தொடக்கப் பிழையின் கிளைகள்தாம்.

1996 நவம்பரில் தூய சுற்றுச்சூழலுக்கான தேசிய அறக்கட்டளை சென்னை உயர் நீதிமன்றத்தில் மனு செய்தது. பதினான்கு ஆண்டுகள் கழித்து, 2010 செப்டம்பர் 28 அன்று, ஆலையை மூடச் சொல்லி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உச்ச நீதிமன்றம் அதை நிறுத்திவைத்து, 2013 ஏப்ரல் 2 அன்று ரத்து செய்தது. இந்த 2013 தீர்ப்பைச் சற்று நிதானமாகப் படிக்க வேண்டும். சூழல் பொறுப்பு பற்றிய நம் சிந்தனையின் வலுவும் நலிவும் ஒருங்கே தெரிகிற ஆவணம் அது.

அதன் வலு முதலில். உயர் நீதிமன்றம் சில இடங்களில் காலத்தைக் குழப்பியிருந்தது. மக்கள் கருத்துக்கேட்பு நடத்தவில்லை என்பது ஒரு குற்றச்சாட்டு. கருத்துக்கேட்பு கட்டாயமானதோ 1997 ஏப்ரலில். அனுமதி கொடுக்கப்பட்டது 1995இல். இல்லாத சட்டத்தை மீறியதாக ஒருவரைத் தண்டிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது சரி. வாதம் உணர்ச்சியின் பக்கம் சாயும்போது அதை நடைமுறையின் தரைக்குக் கொண்டுவருவது நீதிமன்றத்தின் கடமை. அதை நீதிபதிகள் ஏ.கே. பட்நாயக்கும் எச்.எல். கோகலேயும் தெளிவாகச் செய்தார்கள். ஆலைக்கு எதிராகத் தானே வாதாடிய அரசியல் தலைவர் வைகோவின் பொதுநல உழைப்பை அவர்கள் பாராட்டியதும் நேர்மையே.

நலிவு தர்க்கத்தின் ஒத்திசைவில் இருக்கிறது. நான்கு தீவுகள் ஆலையிலிருந்து 25 கிலோமீட்டருக்குள் வருகின்றன என்பதை அந்தத் தீர்ப்பே பதிவு செய்கிறது. புதுப்பிக்கப்பட்ட இசைவாணை இல்லாமல் ஆலை நீண்ட காலங்கள் ஓடியது என்பதையும் பதிவு செய்கிறது. 1997 முதல் 2012 வரை சுற்றுச்சூழலை மாசுபடுத்தியது என்று முடிவுக்கு வருகிறது. இன்னும் ஒரு படி மேலே போய், நிறுவனம் தன் மனுவில் உண்மைகளை மறைத்தது, தவறாகச் சொன்னது என்றும் கண்டறிகிறது. இத்தனை கண்டறிதல்களையும் அடுக்கியபின், மறைத்ததற்காக நிவாரணத்தை மறுக்கவில்லை, மூடலையும் நிலைநிறுத்தவில்லை. அதற்குச் சொன்ன காரணங்கள்: நாட்டுக்குத் தாமிரம் வேண்டும், பாதுகாப்புத் துறைக்கும் மின்சாரத்துக்கும் கட்டுமானத்துக்கும் அது தேவை, ஏறக்குறைய 1,300 பேர் அங்கே வேலை செய்கிறார்கள், ஒப்பந்ததாரர்கள் வழியாக மேலும் பலர், தூத்துக்குடித் துறைமுகத்தின் சரக்கில் பத்தில் ஒரு பங்கு இந்த ஆலையைச் சார்ந்தது.

இவை பொய்யான காரணங்கள் அல்ல. ஒரு தட்டில் வைக்கத்தக்க எடையுள்ளவைதாம். ஆனால் எதிர்த்தட்டில் எதை வைத்தார்கள்? தாமிரத்தின் பயனுக்கு எண்கள் இருந்தன. கெட்டுப்போன நீருக்கும் காற்றுக்கும் ஒரு எண்ணும் இல்லை. மீளவிட்டானிலும் தெற்கு வீரபாண்டியபுரத்திலும் கிணறுகள் எத்தனை பாழாயின, எவ்வளவு ஆழத்துக்கு, மீட்க எத்தனை ஆண்டு ஆகும் என்ற கணக்கு அந்தத் தீர்ப்பில் இல்லை. இருந்திருந்தால் அதை யாராவது முன்வைத்திருப்பார்கள். ஒரு பக்கம் மட்டும் எடைக்கல் வைத்த தராசு எந்தப் பக்கம் சாயும் என்பதில் வியப்பில்லை.

100 கோடி ரூபாய் இழப்பீடு இந்தக் குறையை இன்னும் வெளிப்படுத்துகிறது. அந்தத் தொகை எப்படி வந்தது? 1986இன் ஓலியம் வாயுக் கசிவு வழக்கில், இழப்பீடு நிறுவனத்தின் பருமனுக்கும் திறனுக்கும் ஏற்றதாக இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் வகுத்த கோட்பாட்டை எடுத்துக்கொண்டார்கள். வட்டி, தேய்மானம், வரி ஆகியவற்றுக்கு முந்தைய லாபம் 2009-10இல் 744 கோடி, 2010-11இல் 1,043 கோடி. இதைப் பார்த்து, 100 கோடிக்குக் குறைந்தால் அச்சம் விளையாது என்று முடிவு செய்தார்கள். கோட்பாடு வலியது. ஆனால் அது இன்னொரு கோட்பாட்டுக்குத் துணையாக வர வேண்டியது. வேலூர் தோல் தொழிற்சாலை வழக்கில் 1996இல் வகுக்கப்பட்ட ‘கெடுத்தவரே ஈடு செய்ய வேண்டும்’ என்ற கோட்பாடு, கெட்டதைச் சீர்செய்யும் செலவையும் கெடுத்தவர் தலையில் வைக்கிறது. கெட்டது எவ்வளவு என்று தெரியாமல் சீர்செய்யும் செலவு எப்படித் தெரியும்? லாபத்தைப் பார்த்துக் கணித்த தொகை அபராதம்தான். பதினைந்து ஆண்டு மாசுக்கு, ஓராண்டு லாபத்தில் பத்தில் ஒரு பங்கு. தொகை பெரிதா சிறிதா என்பதைவிட, அது எதை அளந்து வந்தது என்பதே என் கேள்வி. அந்தக் கேள்விக்குத் தீர்ப்பில் விடையில்லை.

தீர்ப்பு வந்த நாளில் ஆலை மூடிக்கிடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். மார்ச் 23 அன்று நகரில் பலருக்குக் கண்ணெரிச்சலும் மூச்சுத்திணறலும் வந்தன. 29ஆம் தேதி வாரியம் ஆலையை மூட உத்தரவிட்டிருந்தது. நிபந்தனைகள் சரிவர நிறைவேறிவருகின்றன என்று தாள்களில் நிறுவப்பட்டுக்கொண்டிருந்த அதே வாரத்தில் காற்று வேறு சாட்சி சொன்னது. மே இறுதியில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் ஆலையைத் திறக்க அனுமதித்தது. வாரியத்தின் அளவீட்டை யாரும் நம்பவில்லை என்பது அன்று உறுதியாயிற்று. மக்கள் நம்பவில்லை, நிறுவனம் நம்பவில்லை, தீர்ப்பாயமும் நம்பவில்லை.

நம்பத்தக்க அளவீடு இல்லாத இடத்தில் நோய் பற்றிய விவாதமும் பாதியில் நிற்கிறது. திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியின் சமூக மருத்துவத் துறை, ஆலையைச் சுற்றி ஐந்து கிலோமீட்டருக்குள் வாழும் 80,000க்கு மேற்பட்டோரை ஆய்வு செய்தது. மூச்சுக்குழல் நோய்களும் பெண்களின் மாதவிடாய்க் கோளாறுகளும் ஒப்பீட்டுப் பகுதிகளைவிட மிகுதி என்று கண்டது. பரப்பில் இது பெரிய ஆய்வு, மதிக்கத்தக்கது. ஆனால் சிப்காட்டில் வேறு பல ஆலைகளும் உண்டு; எந்தப் புகை எந்த நெஞ்சில் தங்கியது என்று பிரித்துக் காட்டும் வடிவம் அந்த ஆய்வுக்கு இல்லை. ஆலை வரும் முன் இதே ஊர்களில் எடுத்த அடிநிலை அளவும் இல்லை. எனவே எதிர்ப்பாளர்கள் அந்த ஆய்வை முழுச் சான்றாக எடுத்தாள்வது மிகை; நிறுவனம் அதை ஒன்றுமில்லாததாகத் தள்ளியது அதைவிடப் பெரிய பிழை. நிரூபிக்கும் சுமை, அளக்காமல் திறந்தவரின் தோளில்தான் இருக்க வேண்டும். குமரெட்டியாபுரத்துப் பெண்ணிடம் நோய்க்கு வேதியியல் சான்று கேட்பது எந்த நீதி முறையிலும் அடங்காது.

2018இல் அதே குமரெட்டியாபுரத்தில் ஆலை விரிவாக்கத்தை எதிர்த்துத் தொடங்கிய போராட்டம் நூறாவது நாளை எட்டிய மே 22 அன்று என்ன நடந்தது என்பதை விரித்துச் சொல்லத் தேவையில்லை. துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்தார்கள். அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை 2022 அக்டோபரில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. காவல்துறையின் மீதும் நிர்வாகத்தின் மீதும் அது சுமத்திய பொறுப்பு பொதுப்பதிவில் இருக்கிறது. அதைத் தனியே எடைபோட வேண்டும்; சூழல் வழக்கின் துணைக்குறிப்பாக அதைச் சுருக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. இக்கட்டுரையின் வரம்புக்குள் ஒன்று மட்டும் சொல்வேன். அளவீட்டின் மொழியில் கேட்கப்படாத குறை, வீதிக்கு வந்துதான் கேட்கப்பட வேண்டியிருந்தது.

மே 28 அன்று வந்த மூடல் ஆணையில் குறை இருந்தது. நிறுவனத்தை முறையாக விசாரிக்காமல், சாவுகளின் ஆறாம் நாள், நிலைமையை அடக்கும் அவசரத்தில் பிறந்த ஆணை அது. பசுமைத் தீர்ப்பாயம் அமைத்த தருண் அகர்வால் குழு, இயற்கை நீதிக்கு இது முரண் என்று சொன்னதைத் தள்ளிவிட முடியாது. எனக்கு உவப்பான முடிவு என்பதற்காக அது வந்த வழியைப் பாராட்ட மாட்டேன். ஆனால் ஏப்ரல் 9ஆம் தேதியே வாரியம் இசைவாணையைப் புதுப்பிக்க மறுத்திருந்தது. அந்த மறுப்புக்குக் காரணங்கள் இருந்தன. நிலத்தடி நீர் ஆய்வறிக்கைகள் தரப்படவில்லை. உப்பாற்று ஓடையருகே கொட்டிய தாமிரக் கசடு அகற்றப்படவில்லை. ஆபத்தான கழிவுகளைக் கையாளும் அங்கீகாரம் 2013க்குப் பின் இல்லை. காற்றில் ஆர்சனிக் போன்ற கன உலோகங்களின் அளவு வாரியத்தின் ஆய்வகம் வழியாகச் சோதிக்கப்படவில்லை. ஜிப்சம் குட்டை விதிப்படி கட்டப்படவில்லை. இந்தப் பட்டியலில் எத்தனை குற்றங்கள் அளவீடு சார்ந்தவை என்று பாருங்கள். நீரை அளந்து சொல்லவில்லை, காற்றை அளந்து சொல்லவில்லை. கெடுத்ததற்கு முன்னால் நிற்கும் குற்றம், கெடுக்கிறோமா என்று பார்க்க மறுத்தது.

கசடு பற்றிய வாதத்தில் நிறுவனத்தின் பக்கம் ஓரளவு நியாயம் உண்டு. தாமிர உருக்குக் கசடு, சட்டத்தின் வகைப்பாட்டில் ஆபத்தான கழிவு அன்று. கட்டுமானத்துக்கும் நிலம் நிரவவும் அதைப் பயன்படுத்தலாம் என்று ஒழுங்குமுறை அமைப்புகளே சொல்லியிருக்கின்றன. ஆனால் 11 இடங்களில், தனியார் நிலங்களில், ஓடையின் கரையில் மலையாகக் குவித்துவைத்து, அது மழையில் எங்கே போகிறது என்று பாராமல் இருப்பதற்கு வகைப்பாடு எப்படிக் காப்பாகும்? விற்றுவிட்டோம், இனி வாங்கியவர் பொறுப்பு என்ற வாதத்தை உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. 2020 ஆகஸ்ட் 18 அன்று நீதிபதிகள் டி.எஸ். சிவஞானமும் வி. பவானி சுப்பராயனும் தந்த, 800 பக்கங்களைத் தாண்டும் தீர்ப்பு, இந்த வழக்கின் ஆவணங்களில் முறையியலால் மிகச் சிறந்தது என்பேன். நிறுவனத்தை மட்டும் குறைகூறாமல் வாரியத்தின் மெத்தனத்தையும் அது தொட்டது. அதன் குறை நீளம். பொதுவாசகன் நுழைய முடியாத காடாக அது நிற்கிறது. முப்பது பக்கத்தில் ஒரு தமிழ்ச் சுருக்கத்தை யாராவது கொண்டுவந்திருந்தால் இந்த ஊருக்கு அது பெரிய உதவியாக இருந்திருக்கும்.

2024 பிப்ரவரி 29 அன்று உச்ச நீதிமன்றம், ஸ்டெர்லைட் ஆலையை நடத்திய வேதாந்தாவின் மேல்முறையீட்டைத் தள்ளியது. ஆலையை மூடுவது முதல் தெரிவாக இருக்கக் கூடாது என்று ஒப்புக்கொண்டபின், மீறல்கள் திரும்பத் திரும்ப நடந்ததாலும் அவற்றின் கடுமையாலும் வேறு வழியில்லை என்று முடிவு செய்தது. பதினொரு ஆண்டுகளுக்கு முன் அதே நீதிமன்றம் வைத்த தராசில் அதே தாமிரமும் அதே வேலைவாய்ப்பும் இருந்தன. இம்முறை மக்களின் உடல்நலம் தன் எடையோடு எதிர்த்தட்டில் ஏறியது. முடிவிலும் தர்க்கத்தின் ஒத்திசைவிலும் 2024 தீர்ப்பு 2013 தீர்ப்பைவிட மேலானது. ஆனால் வழக்கு கேட்டது ஆலையைத் திறக்கலாமா என்பதை மட்டுமே. கேட்காத கேள்விக்கு நீதிமன்றம் விடை சொல்லவில்லை என்று குறைகூற முடியாது. நாம்தான் அந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டோம்: மூடிய பிறகு மண்ணுக்கும் நீருக்கும் என்ன?

ஒரே அளவுகோலை எல்லோருக்கும் வைக்காத திறனாய்வுக்கு மதிப்பில்லை. ஊரின் கந்தக டை ஆக்சைடில் பெரும்பங்கு அனல்மின் நிலையங்களிலிருந்து வருகிறது என்று ஸ்டெர்லைட் நீதிமன்றத்தில் வாதாடியது. குற்றம் சாட்டப்பட்டவர் பக்கத்து வீட்டுக்காரரைக் காட்டுவது தன்னை விடுவிக்காது. ஆனால் பக்கத்து வீடு அதனால் தூய்மையாகிவிடுவதுமில்லை. 1979 முதல் ஓடும் தூத்துக்குடி அனல்மின் நிலையம் அரசுக்குச் சொந்தமானது. 210 மெகாவாட் அலகுகள் ஐந்து. அதன் சாம்பலும் சூடான நீரும் கடலோரத்தை என்ன செய்தன என்பதைத் தெர்மல்நகர் பக்கம் நடந்தவர் யாரும் கண்ணால் பார்க்கலாம். அனல்மின் நிலையங்களுக்கான புதிய உமிழ்வு வரம்புகள் 2015 டிசம்பரில் அறிவிக்கப்பட்டன. இரண்டு ஆண்டு கெடு. கெடு நீட்டிக்கப்பட்டது, மறுபடி நீட்டிக்கப்பட்டது. 2025 ஜூலையில் நாட்டின் பெரும்பாலான நிலையங்களுக்குக் கந்தகம் நீக்கும் கருவியே தேவையில்லை என்று மத்திய அமைச்சகம் அறிவித்தது. 250 மீட்டரை 25 மீட்டராக வெட்டிய அதே கையின் வேலை இது, அகில இந்திய அளவில். தனியார் ஆலையின் புகையை எதிர்த்து நூறு நாள் உட்கார்ந்த ஊர், அரசு ஆலையின் புகைக்கு ஒரு நாளாவது உட்கார்ந்ததா என்று கேட்க எனக்கு உரிமையுண்டு. அங்கே வேலை பார்ப்பவர்கள் நம் வீட்டார், அது நம் வீட்டு மின்சாரம் என்பதால் நாம் அடக்கமாக இருந்தோம். அது நியாயமான காரணம் அன்று.

இதே ஊரில் பாராட்டுக்குரிய ஒன்றும் உண்டு. அதையும் அளந்தே பாராட்டுவோம். தூத்துக்குடி அல்காலி கெமிக்கல்ஸ் நிறுவனத்துக்குச் சோடா உப்பு தயாரிக்கக் கார்பன் டை ஆக்சைடு வேண்டும். அதைத் தன் நிலக்கரிக் கொதிகலனின் புகையிலிருந்தே பிடிக்கும் ஆலையை அது நிறுவியது. ஐ.ஐ.டி. கரக்பூரில் படித்த இளைஞர்கள் தொடங்கிய நிறுவனத்தின் தொழில்நுட்பம் அது. ஆண்டுக்கு 60,000 டன் வாயுவைப் பிடிக்கும் திறன் என்று 2017இல் உலகச் செய்தியானது. இதன் சிறப்பு, அது கருணையால் பிறக்கவில்லை என்பதே. வாயுவை வெளியிலிருந்து வாங்குவதைவிடப் பிடிப்பது மலிவு என்ற கணக்கில் பிறந்தது. மானியத்தை நம்பாமல் நிற்பதால் மானியம் நின்றதும் விழாது. குறை, வாயு எங்கே போய்ச் சேர்கிறது என்பதில். பிடித்த வாயு சோடாவில் தங்குகிறது. அந்தச் சோடா கண்ணாடி உலையிலோ அடுமனையிலோ சூடேறும்போது அதில் ஒரு பகுதி திரும்பவும் காற்றில் கலக்கிறது. எனவே அதைத் தாமதம் என்று சொல்லலாம், நீக்கம் என்று சொல்லக் கூடாது. அளந்து சொன்ன சிறிய நன்மை, அளக்காமல் சொன்ன பெரிய வாக்குறுதியைவிட எனக்கு உயர்வு. இந்த முயற்சி என் தராசில் தேறுகிறது, தன் உண்மையான அளவில் மட்டும்.

இனி நம் வீடுகளைப் பற்றி. நான்கு தீவுகள் 25 கிலோமீட்டருக்குள் இருக்கின்றன என்று உச்ச நீதிமன்றம் எழுதியதல்லவா? வான்தீவு, காசுவார், காரைச்சல்லி, விலாங்குசல்லி. அவற்றில் விலாங்குசல்லி கடலுக்குள் மூழ்கிய தீவு. அதை மூழ்கடித்தது எந்த உருக்காலையும் அல்ல. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பல பத்தாண்டுகள் வெட்டிய பவளப்பாறைதான் அந்தத் தீவின் அரண்; அரண் போனதும் அலை தீவைத் தின்றது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் இரண்டு இப்படிப் போயின. பவளப்பாறை வெட்டியவர்கள் ஏழைக் கடலோடிகள். வாங்கியவர்களில் ஆலைகளும் உண்டு, வீடு கட்டிய நாமும் உண்டு. 1986இல் கடல்சார் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது, 2001இல் பவளம் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் ஏறியது. இருந்தும் வெட்டு நின்றது 2004இன் ஆழிப்பேரலைக்குப் பின்தான். பாறை உள்ள கரை தாங்கியது, வெட்டிய கரை தாங்கவில்லை என்று கடலோடிகளே கண்டார்கள். இக்கரையில் நான் எடைபோட்டவற்றுள் உறுதியான சாதனை இதுவே. சட்டம் பதினெட்டு ஆண்டில் செய்யாததை, கண்ணால் கண்ட அளவீடு ஒரே பருவத்தில் செய்தது. அதற்கு ஒரு பேரழிவு தேவைப்பட்டது என்பது அந்தச் சாதனையின் மாறாத கறை.

மஞ்சப்பைக்கு இவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. 2019 ஜனவரியில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை, 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம். நோக்கம் நல்லது, சின்னம் நம் பண்பாட்டிலிருந்து வந்தது, மக்கள் மனத்தில் பதிந்தது. ஆனால் மீன் சந்தையில் இன்றும் நெகிழிப் பை கிடைக்கிறது. வாங்குபவரிடம் பழக்கத்தை மாற்றக் கேட்ட அளவுக்கு, உற்பத்தி செய்பவரிடம் கணக்குக் கேட்கவில்லை.

தாமிரத்துக்கும் அப்படித்தான் கணக்குக் கேட்க வேண்டும். ஆண்டுக்கு 4 லட்சம் டன், நாட்டின் சுத்திகரித்த தாமிரத்தில் ஏறக்குறைய 40 விழுக்காடு, இந்த ஒரே ஆலையிலிருந்து வந்தது. அது நின்றதும் இந்தியா தாமிரத்தை நிகரமாக இறக்குமதி செய்யும் நாடானது. 2024இல் குஜராத்தின் முந்த்ராவில் புதிய பெரிய உருக்காலை உற்பத்தியைத் தொடங்கியது. மின்விசிறியின் சுருளிலும் சுவருக்குள் ஓடும் கம்பியிலும் உள்ள தாமிரத்தை நாம் கைவிடவில்லை. ரத்னகிரி வேண்டாம் என்றது தூத்துக்குடிக்கு வந்தது. தூத்துக்குடி வேண்டாம் என்றது இன்னொரு கரையில் உருகுகிறது. அதனால் இங்கே மூடியது தவறு என்று ஆகாது. 25 கிலோமீட்டர் நிபந்தனையைப் போன்ற ஒன்று அங்கே இருக்கிறதா, அது எத்தனை மீட்டராக வெட்டப்படுகிறது என்று கேட்கும் கடமை, முன்பே அடிபட்ட நமக்குத்தான் எல்லோரையும்விட அதிகம்.

இனித் தீர்ப்பு. இவ்வழக்கில் நிறுவனம் தோற்றது மாசுபடுத்தியதால் மட்டும் அன்று. தன்னை அளக்க மறுத்ததால். வாரியம் அதைவிடத் தாழ்ந்து தேறுகிறது, அளப்பதற்காகவே அமைக்கப்பட்ட அமைப்பு என்பதால். 2013இன் உச்ச நீதிமன்றம் தன் கண்டறிதல்களுக்கே உண்மையாக இல்லை. 2024இன் உச்ச நீதிமன்றம் உண்மையாக இருந்தது, ஆனால் அதற்குள் 13 உயிர்கள் போயிருந்தன. மக்கள் தரப்பு நோக்கத்தில் சரி, சான்றில் குறை. அந்தக் குறைக்கு அவர்கள் காரணமல்ல. ஆலை மூடிய இந்த ஆண்டுகள், அளப்பதற்கு இந்த ஊருக்குக் கிடைத்திருக்கும் நல்வாய்ப்பு. உருக்காலைப் புகையில்லாத காற்றும் மழையும் கண்ட கிணறுகள் இப்போது இருக்கின்றன. குமரெட்டியாபுரத்திலும் பண்டாரம்பட்டியிலும் மீளவிட்டானிலும் அதே கிணறுகளை, அதே மாதங்களில், ஆண்டுக்கு இருமுறை இறைத்துச் சோதித்து, எண்களைத் தமிழில் ஊராட்சிச் சுவரில் எழுதிவைக்கலாம். செலவு பெரிதில்லை, ஆய்வகங்கள் மாவட்டத்திலேயே உண்டு. முப்பது ஆண்டுகள் மூடிக்கிடந்த பார்களை, சலாபம் திறக்கும் நம்பிக்கை மங்கிய காலத்திலும் தோணியெடுத்துப் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் இதே கரையில்தான் வாழ்ந்தார்கள்.